முப்பதாம் நாள் போனை எடுக்காத பிள்ளை, தொலைந்த பிள்ளையா?

வைகைக்கரை:
பக்கத்து இழையில் ஒருவர் எழுதுகிறார்: "அமெரிக்காவுக்குத் தனியாக வந்த 85,000 குழந்தைகளை அரசு தொலைத்துவிட்டது. கேஸ் மேனேஜர்கள் கூலிக்கு மாரடிக்கிறார்கள்." அதற்குக் கைதட்டல் வேறு. படிக்கவே எரிச்சலாக இருக்கிறது. அகதிகள் மீள்குடியேற்ற அலுவலகத்தின் (ஓஆர்ஆர்) பொறுப்பில் இருந்த பிள்ளையை ஸ்பான்சரிடம், அதாவது தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள மனு போட்ட பெற்றோரிடமோ உறவினரிடமோ தெரிந்தவரிடமோ, ஒப்படைத்த 30 நாள் கழித்து, பிள்ளை முன்பு தங்கியிருந்த ஷெல்டரிலிருந்து (காப்பகம்) ஒரு போன் போகும். அதே வீட்டில் இருக்கிறாயா, பள்ளிக்குப் போகிறாயா, குடியேற்றக் கோர்ட் தேதி தெரியுமா, பாதுகாப்பாக இருக்கிறாயா என்று கேட்பார்கள். இரண்டு ஆண்டுகளில் இப்படித் தொடர்பு கிடைக்காமல் போனவர்களின் கணக்குதான் 2023 பிப்ரவரியில் பத்திரிகையில் வந்த அந்த 85,000. போனை எடுக்காதவன் தொலைந்தவனா?

ஒற்றைப்பனை:
பக்கத்து இழையில் எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், பயப்பட வேண்டாம். பிள்ளை எங்கே இருக்கிறது என்று ஒப்படைத்த அலுவலகத்துக்கே தெரியாது என்றால், அதற்கு வேறு என்ன பெயர் வைப்பீர்கள்?

வைகைக்கரை:
தெரியாது என்பதும் தொலைந்தது என்பதும் ஒன்றல்ல. 2018 ஏப்ரலில் செனட்டில் சொன்ன கணக்கைப் பாருங்கள். முந்தைய அக்டோபர் முதல் டிசம்பர் வரை 7,635 பேரைத் தொடர்பு கொள்ள முயன்றார்கள். 6,075 பேர் ஸ்பான்சரிடமே இருந்தார்கள். 28 பேர் ஓடிப்போயிருந்தார்கள், 5 பேர் நாடு கடத்தப்பட்டிருந்தார்கள், 52 பேர் வேறொருவர் வீட்டுக்கு மாறியிருந்தார்கள். மீதி 1,475 பேரைப் பற்றித்தான் எதுவும் உறுதி செய்ய முடியவில்லை. அப்போதும் ஊரெல்லாம் "1,475 குழந்தைகள் மாயம்" என்றுதான் கூவினார்கள்.

ஏன் எடுப்பதில்லை தெரியுமா? பாதிப் பேர் வைத்திருப்பது ப்ரீபெய்ட் எண், பணம் போடாவிட்டால் செத்துவிடும். போன் வருவதோ வேறு மாநிலக் குறியீட்டில். ஸ்பான்சர் இரவு ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குவார். எல்லாவற்றுக்கும் மேல், அரசாங்கப் போன் என்றாலே குடியேற்றக் காவல் வந்துவிடும் என்ற பயம். விவரம் தெரிந்த கேஸ் மேனேஜர் (பிள்ளையின் கேஸைக் கவனிக்கும் ஷெல்டர் ஊழியர்) ஒப்படைக்கும் முன்பே ஸ்பான்சர் எண்ணோடு நிற்காமல் அதே ஊரில் இருக்கும் இன்னொரு உறவினரின் எண்ணையும், குவாத்தமாலாவிலோ ஹோண்டுராஸிலோ இருக்கும் தாயின் வாட்ஸ்அப் எண்ணையும் வாங்கி வைப்பார். மூன்றையும் அங்கேயே அடித்துப் பார்த்துவிடுவார்.

ஒற்றைப்பனை:
விவரம் தெரியாதவர் வாங்காமல் விட்டால்? ஒஹாயோ மாநிலத்தின் மேரியன் ஊரில் நடந்ததை வசதியாக மறந்துவிட்டீர்களே. 2014இல் குவாத்தமாலாச் சிறுவர்களை, குடும்ப நண்பர் என்று பொய் மனு போட்ட கடத்தல்காரர்களின் ஆட்களிடமே ஒப்படைத்தார்கள். பிள்ளைகள் டிரெய்லரில் அடைபட்டு முட்டைப் பண்ணையில் வேலை செய்தார்கள். ஒரு பிள்ளையைப் பார்க்கப் போன கேஸ் ஒர்க்கரை ஸ்பான்சர் உள்ளேயே விடவில்லை. அடுத்து என்ன செய்தார்கள்? கேஸை மூடினார்கள்! 2016 ஜனவரியில் வந்த செனட் துணைக்குழு அறிக்கையில் இருக்கிறது. இங்கே போனை எடுக்கவில்லை, அங்கே கதவைத் திறக்கவில்லை. கேஸை மட்டும் மூடிவிடலாம், அப்படித்தானே?

செம்மண்:
இரண்டு பேரும் கைரேகையைப் பற்றிப் பேசவே இல்லை. 2018இல் வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருடைய கைரேகையையும் எடுத்துக் குடியேற்றக் காவலுக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பயந்து ஸ்பான்சர்கள் முன்வரவில்லை. டெக்சாஸ் டோர்னிலோ கூடாரத்தில் பிள்ளைகள் குவிந்தார்கள். டிசம்பரில் அந்த விதியைக் கைவிட வேண்டியதாயிற்று.

ஒற்றைப்பனை:
கைரேகை எடுக்காததால்தான் மேரியன் நடந்தது. செம்மண் போன மாதமும் இதே பல்லவிதான்.

செம்மண்:
போன மாதம் பதில் சொல்லாமல் ஓடியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

வைகைக்கரை:
கைரேகை எடுத்திருந்தாலும் மேரியன் ஆட்கள் பிடிபட்டிருக்க மாட்டார்கள். பழைய குற்றம் ஏதும் இல்லாத ஆளை முன்னால் நிறுத்தினால் ரேகை சுத்தமாகத்தான் வரும். பார்க்க வேண்டியது வேறு. ஸ்பான்சராக வருபவர் பெற்றோர், சட்டப்படியான காப்பாளர் என்றால் முதல் வகை. உடன்பிறப்பு, தாத்தா பாட்டி, அத்தை மாமா எல்லாம் இரண்டாம் வகை. தூரத்து உறவு, உறவே இல்லாதவர் மூன்றாம் வகை. மூன்றாம் வகை மனு வந்தால் பிள்ளையின் தாயோடு தனியாகப் பேச வேண்டும், ஸ்பான்சர் மூலமாக அல்ல. இவரை எத்தனை வருடமாகத் தெரியும், பயணக் கடன் யாருக்கு, அதை யார் அடைப்பது என்று கேட்க வேண்டும். பிள்ளையிடமும் அதே கேள்விகள். இரண்டு பதிலும் ஒட்டவில்லையென்றால் மனுவை நிறுத்த வேண்டும். அதே முகவரிக்கு வேறு பிள்ளைகள் போயிருக்கிறார்களா என்றும் தேட வேண்டும்.

ஹோம் ஸ்டடியை, அதாவது ஒப்படைக்கும் முன் ஸ்பான்சர் வீட்டுக்கே போய் விசாரிப்பதை, 2008 ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் எல்லோருக்கும் கட்டாயமாக்கவில்லை. கடத்தலுக்கு ஆளானவர், மாற்றுத்திறனாளி, கடுமையான வன்கொடுமைக்கு ஆளானவர், ஸ்பான்சரால் ஆபத்து என்று தெளிவாகத் தெரிகிற பிள்ளை, இவர்களுக்குத்தான் கட்டாயம். ஒப்படைத்த பிறகு ஓஆர்ஆரின் சட்டப் பொறுப்பு முடிந்துவிடுகிறது. கதவை உடைத்து நுழையும் அதிகாரம் கேஸ் ஒர்க்கருக்குக் கிடையாது. சந்தேகம் என்றால் மாநிலக் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்கும் போலீசுக்கும் சொல்லலாம். இல்லாத அதிகாரத்துக்கு அவரை ஏன் திட்டுகிறீர்கள்?

ஒற்றைப்பனை:
இவ்வளவு நீளமான சப்பைக்கட்டில் என் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. சொல்லலாம் என்கிறீர்களே, சொன்னார்களா? கேஸை மூடினார்களா, இல்லையா?

கயல்:
அண்ணன்மார்களே, போனை விடுங்கள். பிள்ளை தொலைவது கோர்ட்டில். 2024 ஆகஸ்ட் தணிக்கை அறிக்கையில் 32,000 பேருக்கு மேல் விசாரணைக்கு வரவில்லை என்று இருந்தது. 2,91,000 பேருக்கு மேல் கோர்ட் நோட்டீஸே கொடுக்கப்படவில்லை என்பது தனிக் கணக்கு. இரண்டையும் கூட்டி "3 லட்சம் குழந்தைகள் மாயம்" என்றார்கள். வீடு மாறினால் 5 வேலை நாளுக்குள் கோர்ட்டுக்குப் புது முகவரி சொல்லும் ஈஓஐஆர்-33 படிவம் போட வேண்டும். அதைப் போட்டாலே கேஸ் புது ஊருக்கு மாறிவிடும் என்று நினைக்கிறார்கள். மாறாது! இடமாற்றத்துக்குத் தனி மனு போட வேண்டும். நீதிபதி ஏற்கும்வரை பழைய கோர்ட்தான். ஷெல்டர் டெக்சாஸில், ஸ்பான்சர் மேரிலாந்தில் என்றால், விசாரணை டெக்சாஸின் ஹார்லிஞ்சனில் நடந்து பிள்ளை இல்லாமலே நாடு கடத்தும் உத்தரவு வந்துவிடும். அரசு செலவில் வக்கீல் கிடைப்பார் என்ற உறுதியும் கிடையாது.

வைகைக்கரை:
கயல் சொல்வதும் என் பக்கம்தான். கோர்ட்டுக்கு வராததும் தொலைந்தது ஆகாது.

கயல்:
நான் யார் பக்கமும் இல்லை. என் வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள்.

செம்மண்:
2025 மார்ச்சில் ஸ்பான்சர்களிடம் டிஎன்ஏ, வருமானச் சான்று, குறிப்பிட்ட அடையாள அட்டை என்று கெடுபிடி வந்ததே, அதைப் பற்றி யாராவது பேசுவீர்களா? பெற்ற தாயே வரிசையில் நிற்கிறாள். பிள்ளை மாதக்கணக்கில் ஷெல்டரில் கிடக்கிறது.

ஒற்றைப்பனை:
கிடக்கட்டும், பாதுகாப்பாவது மிஞ்சும்.

செம்மண்:
ஷெல்டரில் கிடக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வீர்களா?

வைகைக்கரை:
செம்மண், அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான். ஒற்றைப்பனை, போனை எடுக்காத அந்த 85,000 பேரில் எத்தனை பேர் உண்மையில் காணாமல் போனார்கள்? எண்ணைச் சொல்லுங்கள்.

ஒற்றைப்பனை:
அதைச் சொல்ல வேண்டியது ஒப்படைத்தவர்கள். நீங்கள் மேரியனுக்குப் பதில் சொல்லுங்கள்.