எம்.எஸ்.எம். (ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள்) எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம்: பலன் இருக்கிறதா என்று எப்படி அளப்பது?

சிபிஓ_தென்மாவட்டம்:
வணக்கம். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்க நிதியில் நடக்கும் டி.ஐ. திட்டம் (ஆபத்து அதிகமுள்ள குழுக்களுக்கான தடுப்புத் திட்டம்) எங்களுடையது. கோத்தி (பெண்தன்மையோடு பழகுபவர், பெரும்பாலும் உறவில் ஏற்பவர்), பந்தி (உறவில் புகுத்துபவர்), டபுள் டெக்கர் (இரண்டும் செய்பவர்), திருமணமான இருபாலீர்ப்பு ஆண்கள் எல்லாம் சேர்த்துப் பட்டியலில் 1000 பேர். இப்போது வேறொரு நன்கொடையாளர், "உங்களால் எச்.ஐ.வி. தொற்று குறைந்ததா?" என்று கேட்கிறார். ஆணுறை விநியோகக் கணக்கு இருக்கிறது, நம்பிக்கை மையத்துக்கு (அரசு எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) அனுப்பிய கணக்கும் இருக்கிறது. பாசிட்டிவ் விகிதமும் இறங்கியிருக்கிறது. இது போதுமா? சர்வே எடுப்பதென்றால் எத்தனை பேரிடம் எடுக்க வேண்டும்?

வரிசைப்பட்டியல்:
போதாது. பாசிட்டிவ் விகிதம் இறங்கியதை முதலில் சந்தேகப்படுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனை என்ற இலக்கை முடிக்க, கூப்பிட்டால் வரும் அதே ஆட்களையே பி.ஈ.க்கள் (சமூகத்திலிருந்தே வரும் சக கல்வியாளர்கள்) திரும்பத் திரும்பக் கூட்டிவந்தால் விகிதம் தானாக இறங்கும். முதல் முறை பரிசோதிப்பவர்களையும் திரும்ப வருபவர்களையும் தனித்தனியாகப் பிரியுங்கள்.

திரும்ப வருபவர்களிடமிருந்து புதுத் தொற்று வீதத்தைக் கணக்கிடலாம். நெகட்டிவ் என்று வந்த முதல் தேதியிலிருந்து கடைசிப் பரிசோதனை வரை ஆளுக்கு எவ்வளவு காலம் என்று கூட்டுங்கள். உதாரணத்துக்கு, மொத்தம் 600 ஆள்-ஆண்டுகளில் 6 பேர் பாசிட்டிவ் ஆனால் 100 ஆள்-ஆண்டுக்கு 1. ஒரே ஒரு தடவை வந்து காணாமல் போனவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். ஆபத்து அதிகம் உள்ளவர்கள் அவர்களாகவே இருக்கலாம். அந்த எண்ணிக்கையையும் அறிக்கையில் பக்கத்திலேயே போடுங்கள்.

ஆணுறை விநியோகம் என்பது கைமாறிய எண்ணிக்கை, அவ்வளவுதான். கடைசி உறவில் பயன்படுத்தினாரா என்பதை நிரந்தரத் துணை, புதிய துணை, பணம் கைமாறிய உறவு, மனைவி என நான்காகப் பிரித்துக் கேளுங்கள். மனைவி பற்றிய கேள்வியை விட்டுவிட்டால் இருபாலீர்ப்பு ஆண்கள் விஷயத்தில் பாதிக் கதை போய்விடும்.

மாதிரிக்கணக்கு:
சர்வே எண்ணிக்கைக்கு வருகிறேன். ஆணுறைப் பயன்பாடு 60 சதவீதத்திலிருந்து 70 ஆனதை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க ஒரு சுற்றுக்குச் சுமார் 356 பேர் தேவை. அது எளிய குலுக்கல் மாதிரிக்கு. சங்கிலி முறையில் (ஒருவர் மூவரை அனுப்பும் கூப்பன் முறை) எடுத்தால் குறைந்தது இரண்டால் பெருக்க வேண்டும், 712 ஆகிவிடும். 60-லிருந்து 75 வரை ஏறினால்தான் கண்ணில் படும் என்று ஏற்றுக்கொண்டால் சங்கிலி முறையிலேயே சுற்றுக்கு 304 பேர் போதும்.

சங்கிலியைத் தொடங்கும் ஆட்களில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆறு பேரும் பேருந்து நிலைய ஹாட்ஸ்பாட் (துணை தேடிக் கூடும் இடம்) ஆட்களாக இருந்தால், கிரைண்டரில் (ஆண்கள் ஆண் துணை தேடும் செயலி) மட்டும் இருப்பவர் கடைசிவரை வரமாட்டார். செயலியில் மட்டும் இருப்பவர், திருமணமானவர், கல்லூரி மாணவர் என்று கலந்து தொடங்குங்கள். "உங்களைத் தெரிந்த, உங்களுக்கும் தெரிந்த, கடந்த 30 நாளில் பார்த்த எம்.எஸ்.எம். எத்தனை பேர்?" என்று கட்டாயம் கேளுங்கள். அதிகம் பேரைத் தெரிந்தவர் மாதிரியில் அதிகம் வருவார்; அந்த எண் இல்லாமல் எடையிட்டு அதைச் சரிசெய்ய முடியாது. பயணப்படிக்கு மேல் பணம் கொடுத்தால் எம்.எஸ்.எம். அல்லாதவர்களும் வரிசையில் நிற்பார்கள்.

மொத்தம் எத்தனை எம்.எஸ்.எம். இருக்கிறார்கள் என்பதையும் இதே சர்வேயில் மதிப்பிடலாம்: சர்வேக்கு இரண்டு வாரம் முன்பு அடையாளமுள்ள 400 சாவிக்கொத்துகளை, ஆளுக்கு ஒன்று மட்டும் என்று கொடுங்கள். சர்வேயில் 25 சதவீதம் பேர் "வாங்கினேன்" என்றால், 400 என்பது மொத்தத்தில் கால்பங்கு, அதாவது மொத்த ஆட்கள் சுமார் 1600. அப்போது உங்கள் 1000 பேர் பட்டியலின் வீச்சு 63 சதவீதத்துக்கு மேல் இருக்காது.

ஒப்பீடு_முக்கியம்:
முன்-பின் அளவை மட்டும் வைத்து "எங்களால்தான்" என்று எழுதிவிடாதீர்கள். செல்வாக்குள்ள ஆட்களைப் பயிற்றுவித்து அவர்கள் வழியாகப் பேசவைக்கும் முறை அமெரிக்காவின் சிறு நகர கே பார்களில் நன்றாகவே வேலை செய்தது (1991). அதே முறையை இந்தியா (சென்னை) உட்பட ஐந்து நாடுகளில், வேறு வேறு சமூகத்தினரிடம், பெரிய அளவில் சோதித்தார்கள். 2010-இல் வந்த முடிவு: திட்டம் நடந்த இடத்தில் ஆபத்தான உறவு குறைந்தது, ஒப்பீட்டு இடத்திலும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவுக்கும் பரிசோதனை, சிகிச்சை, ஆலோசனை எல்லாம் கிடைத்தன. அந்தக் குழு மட்டும் இல்லாதிருந்தால் அதை வெற்றி என்றே எழுதியிருப்பார்கள்.

டி.ஐ. இல்லாத மாவட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். புதிதாகச் சேர்க்கும் பகுதியை, சுயபரிசோதனைக் கிட்டையோ செயலி வழித் தொடர்பையோ, ஹாட்ஸ்பாட்டுகளில் குலுக்கல் முறையில் கட்டம் கட்டமாகத் தொடங்குங்கள். காத்திருக்கும் இடங்களே ஒப்பீடு ஆகிவிடும்.

சிபிஓ_தென்மாவட்டம்:
நன்றி தோழர்களே. எங்கள் பி.ஈ.க்களே கேள்வி கேட்கலாமா?

வரிசைப்பட்டியல்:
கூடாது. ஆணுறை கொடுத்தவரிடமே "பயன்படுத்தவில்லை" என்று யார் சொல்வார்? 'போலிங் பூத்' முறையைப் பாருங்கள். 10-12 பேர், ஆளுக்கொரு அட்டைத் தடுப்பு. தடுப்புக்குள் பச்சை, சிவப்பு, வெள்ளை என மூன்று பெட்டிகள்: ஆம், இல்லை, பொருந்தாது. கேள்வியை வாசித்ததும் அந்தக் கேள்வி எண் போட்ட சீட்டைப் பெட்டியில் போட வேண்டும். பெயரும் இல்லை, குறியீடும் இல்லை. நேர்காணலில் சொல்லாததை இதில் சொல்வார்கள். ஆனால் ஒருவரின் இரண்டு பதில்களை இணைத்துப் பார்க்க முடியாது, குழு அளவு சதவீதம் மட்டும்தான் கிடைக்கும். அதனால் கூச்சமான ஏழெட்டுக் கேள்விக்கு மட்டும் இது, மற்றவற்றுக்கு வெளியாள் நேர்காணல்.

ஒப்பீடு_முக்கியம்:
இன்னொன்று: ரத்தப் பரிசோதனையும் சேர்த்தால் நெறிமுறைக் குழு அனுமதி வாங்குங்கள். 2017 எச்.ஐ.வி. சட்டப்படி தகவலறிந்த ஒப்புதலும் ரகசியமும் கட்டாயம். பாசிட்டிவ் முடிவு உள்ள தாளும் பெயர்ப் பட்டியலும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது.