கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து: பயிற்சியாளர் நாலு பேரா, ஆறு பேரா?

ஈசூன் மலர்:
"அமெரிக்காவின் கனெடிகட் பல்கலைக்கழகம் மாதிரி பெரிய கல்லூரிப் பெண்கள் அணிக்கே பயிற்சியாளர் 4 பேர்தான். 6 பேர் என்பவர்கள் யூடியூப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள்" என்று பூன்லே பாலா நேற்று எழுதியிருக்கிறார். தவறு. 2023 ஜூலை 1 முதல் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) முதல் பிரிவுக் கூடைப்பந்தில் தலைமைப் பயிற்சியாளரோடு 5 உதவிப் பயிற்சியாளர் வரை இருக்கலாம். கூட்டிப் பாருங்கள், 6. அதற்கு முன்புதான் 1+3. பழைய விதியை மனப்பாடம் செய்துவிட்டு மற்றவர்களுக்கு யூடியூப் பட்டம் கட்ட வேண்டாம்.

பூன்லே பாலா:
விதியைப் பாதி மட்டும் படித்திருக்கிறீர்கள். அந்த 2023 விதிப்படி, கூடுதலாக வந்த 2 பேர் வளாகத்தை விட்டு வெளியே போய் ஆள் சேர்க்க முடியாது. பள்ளி ஆட்டம் பார்க்கப் போவது, வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசுவது எல்லாம் தலைமைப் பயிற்சியாளரும் 3 உதவியாளர்களும்தான். கல்லூரிக் கூடைப்பந்தில் ஆள் சேர்ப்புதான் உயிர். அதற்கு அனுமதி இல்லாதவரைப் பயிற்சியாளர் என்று எண்ணினால், தண்ணீர்ப் போத்தல் எடுத்துத் தருபவரையும் எண்ணுங்கள். 4 பேர்.

ஈசூன் மலர்:
தண்ணீர்ப் போத்தலா? 2023-க்கு முன்பு வீடியோ ஒருங்கிணைப்பாளர் பயிற்சியின்போது ஒரு பெண்ணின் முழங்கையைத் திருத்தினாலே விதிமீறல். செயலாக்க இயக்குநர் ஓரமாக நின்று பார்க்கலாம், சொல்லித்தரக் கூடாது. இப்போது அந்த இருவரும் களத்தில் இறங்கிக் கற்றுத்தரலாம். கற்றுத்தருபவர் பயிற்சியாளர். 6 பேர்.

அந்த 2 பேர் எதற்கு என்று தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். எதிரணிகளை உதவியாளர்களுக்குள் பங்கு போடுவார்கள். ஓர் எதிரணிக்கு ஒருவர் பொறுப்பு. அவர் அந்த அணியின் கடைசி நாலைந்து ஆட்டங்களைப் பார்த்து, எந்த ஆட்டத்திட்டம் திரும்பத் திரும்ப வருகிறது, பக்கவாட்டிலிருந்து பந்தை உள்ளே எறியும்போது என்ன செய்கிறார்கள், எந்தப் பெண் இடக்கையால் மட்டும் முடிக்கிறாள் என்று குறித்து, பத்து நிமிடத்துக்குள் வீடியோ வெட்டித் தர வேண்டும். அதற்கு மேல் நீண்டால் வீராங்கனைகளின் கவனம் சிதறும். பிறகு மாற்று அணியை எதிரணிபோல் ஆடவைத்து மெதுவாக நடத்திக்காட்ட வேண்டும்.

வியாழனும் ஞாயிறும் ஆட்டம் உள்ள வாரத்தில் 3 உதவியாளர்கள் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? ஒருவர் ஊர் ஊராக ஆள் தேடிப் போய்விடுவார். மீதி இருவர் ஒரு எதிரணியை முடித்த மறுநாள் அடுத்ததைத் தொடங்க வேண்டும். அந்த வாரம் தனிப்பட்ட எறிதல் பயிற்சி அடிபடும். 5 பேர் இருந்தால் இந்த நெரிசல் இல்லை.

காலாங் கார்த்தி:
அக்கா, இதில் வீராங்கனைகளுக்கு என்சிஏஏ வைத்திருக்கும் 20 மணி நேர வரம்பையும் சேர்க்கணும். பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4. வீடியோ பார்ப்பதும் அந்தக் கணக்கில் வரும். ஆட்டம் எவ்வளவு நீண்டாலும் கணக்கில் 3 மணி நேரம்தான். வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. பயிற்சியாளர் கூடினாலும் வீராங்கனைகளின் நேரம் கூடாது. ஒரே நேரத்தில் மூன்று வளையங்களில் மூன்று குழுவாகப் பிரித்துச் சொல்லித்தர முடியும், லாபம் அதுதான்.

பூன்லே பாலா:
கார்த்தி, யாரும் கேட்கவில்லை. கேள்வி 4-ஆ 6-ஆ என்பது. கனெடிகட் உதவிப் பயிற்சியாளர் கிறிஸ் டெய்லி 1985-லிருந்து தலைமைப் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மாவோடு இருக்கிறார். அந்தக் கூட்டணி ஆறு பேர் விதியெல்லாம் வருவதற்கு முன்பே 11 கோப்பை வாங்கியது. 4 பேரோடுதான் வாங்கியது.

ஈசூன் மலர்:
12-ஆவது கோப்பை 2025-ல் வந்தது, புதிய விதி இருக்கும்போது. அதை வசதியாக விட்டுவிட்டீர்கள். போன மாதம் என்சிஏஏ பெண்கள் ஆட்டத்தில் எறிகடிகாரம் (பந்தை வளையத்துக்கு எறியத் தரும் நேரம்) 24 விநாடி என்று அடித்துச் சொன்னவரும் நீங்கள்தான். அங்கே 30. ஃபிபா என்ற உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் ஆட்டத்தில்தான் 24.

பூன்லே பாலா:
24 விநாடியை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? நான் சிங்கப்பூர் ஆட்டத்தை வைத்துச் சொன்னேன். உங்களுக்குப் பழைய கணக்குத் தீர்க்கணும், அவ்வளவுதான்.

தெம்பனிஸ் திலகா:
ரெண்டு பேரும் உடல்வலிமைப் பயிற்சியாளரை மறந்தே போனீர்கள். அவர் அந்த 6-இலும் இல்லை, 4-இலும் இல்லை. ஆனால் பெண்கள் அணியில் அவர் இல்லாவிட்டால் பருவமே போய்விடும். முழங்காலுக்குள் இருக்கும் முன்சிலுவைத் தசைநார் (ஏசிஎல்) கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சரிவதும், காலை விறைப்பாக ஊன்றுவதும் முக்கியக் காரணங்கள். பயிற்சி தொடங்கும் முன் 15-20 நிமிடம் ஒற்றைக்கால் சமநிலை, தொடைப் பின்தசை, இரண்டு கால்களில் மெதுவாக இறங்குதல், திசைமாற்றம். வாரம் இரண்டு மூன்று முறை, பருவம் முழுக்க. முதல் மாதம் செய்துவிட்டு நிறுத்தினால் பலன் போய்விடும். யாராவது பக்கத்தில் நின்று "முழங்காலைப் பாதவிரலுக்கு நேரே வை" என்று திருத்திக்கொண்டே இருக்கணும். கைப்பேசியில் காணொளி ஓடவிட்டால் நடக்காது.

ஈசூன் மலர்:
திலகா சொல்வது சரி, ஆனால் அவரை யாரும் கூடைப்பந்துப் பயிற்சியாளர் என்று எண்ணுவதில்லை. 6 என்பது கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் மட்டும்.

பூன்லே பாலா:
அப்படியானால் எண்ணிக்கை உங்கள் இஷ்டம். உடல்வலிமைக்காரர் களத்தில் கற்றுத்தந்தால் எண்ண மாட்டீர்கள், வெளியே போய் ஆள் சேர்க்க முடியாதவரை எண்ணுவீர்கள். ஆண் மாணவர்களைக் கூப்பிட்டுப் பெண்கள் அணிக்கு எதிராக ஆடவைக்கிறார்களே, அவர்களையும் சேர்த்து 12 என்று போடுங்கள். 4 பேர்.

காலாங் கார்த்தி:
அண்ணே, நம்ம சிங்கப்பூருக்கு வாங்க. இங்கே பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குப் பெரும்பாலும் பகுதிநேரப் பயிற்சியாளர் ஒருவர், உதவிக்கு ஒருவர், ஒரு மாணவ மேலாளர். ஃபிபா விதிப்படி நிற்க அனுமதி தலைமைப் பயிற்சியாளர், முதல் உதவிப் பயிற்சியாளர் இருவரில் ஒரே நேரத்தில் ஒருவருக்குத்தான். இடைநிறுத்தம் (டைம் அவுட்) கேட்கவும் அந்த இருவருக்குத்தான் உரிமை. ஆறு பேர் வந்தாலும் மீதி நாலு பேர் ஆட்டம் முழுக்க உட்கார்ந்தே இருக்கணும்.

இங்கே தவறு நடப்பது எண்ணிக்கையில் இல்லை, பங்கு பிரிப்பில். முதல் பாதியில் 2 இடைநிறுத்தம், இரண்டாம் பாதியில் 3. ஆனால் கடைசிக் கால்பகுதியின் கடைசி 2 நிமிடத்தில் அதிகபட்சம் 2 தான். மூன்றையும் சேமித்து வைத்தால் ஒன்று காற்றோடு போகும். அதே மாதிரி மாற்று வீராங்கனையை முன்கூட்டியே மாற்று நாற்காலியில் உட்காரவைக்கணும். எதிரணி கூடை போட்டதும் மாற்றலாம் என்று நினைத்தால், கடைசி 2 நிமிடத்துக்கு முன்பு அந்த வாய்ப்பே கிடையாது. தலைமைப் பயிற்சியாளர் ஆட்டத்தைப் பார்க்கட்டும். ஆட்டத் தவறுகள் (ஃபவுல்), இடைநிறுத்தம், மாற்று மூன்றையும் உதவியாளர் தாளில் குறிக்கணும். ஒரு கால்பகுதியில் 5-ஆவது அணித்தவறுக்கு எதிரணிக்கு யாரும் தடுக்காத 2 தனியெறி என்பதை வீராங்கனைகளுக்குக் கத்திச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

பூன்லே பாலா:
பார்த்தீர்களா, இரண்டு பேரே போதும் என்று கார்த்தியே சொல்லிவிட்டான்.

காலாங் கார்த்தி:
நான் அப்படிச் சொல்லவே இல்லை.

ஈசூன் மலர்:
சொல்லவில்லை. பாலாவுக்கு வாசிப்பும் கணக்கும் ஒரே தரம். உதவிப் பயிற்சியாளரின் மதிப்பு தெரியணும் என்றால் 2024-ஐப் பாருங்கள். ஐயோவாவில் லிசா புளூடர் ஓய்வு பெற்றதும் ஜான் ஜென்சன் தலைமைக்கு வந்தார், நீண்டகால உதவியாளர். ஸ்டான்ஃபோர்டில் தாரா வான்டெர்வீர் போனதும் கேட் பேய், அவரும் உள்ளேயிருந்து வந்தவர். தென் கரோலினாவில் தலைமைப் பயிற்சியாளர் டான் ஸ்டேலியோடு லிசா போயர் டெம்பிள் பல்கலைக்கழகக் காலத்திலிருந்தே கூட வருகிறார். அடுத்த தலைமை இந்த இருக்கைகளில்தான் உருவாகிறது. இருக்கை இரண்டு கூடியது, அதாவது 6.

பூன்லே பாலா:
நீங்கள் சொன்ன மூவரும் வெளியே போய் ஆள் சேர்த்தவர்கள். என் வாதத்துக்கு நீங்களே சாட்சி கொண்டுவந்திருக்கிறீர்கள். நன்றி.

தெம்பனிஸ் திலகா:
முழங்காலைப் பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை. இங்கே தேசியப் பயிற்சியாளர் பதிவேட்டில் சேர முதலுதவிச் சான்றிதழ் கேட்கிறார்கள். விழுந்த பிறகு கட்டுப்போடத் தெரிந்தால் போதுமா? விழாமல் தடுக்க யார் நிற்கிறார்கள்?

ஈசூன் மலர்:
திலகா, அதற்குத் தனியாக ஒரு தலைப்புத் தொடங்குங்கள். இங்கே பாலா இன்னும் 2023 விதிக்குப் பதில் சொல்லவில்லை. 5 உதவியாளர் என்று விதியில் இருக்கிறதா இல்லையா? ஆம், இல்லை, ஒரே சொல்லில்.

பூன்லே பாலா:
வெளியே போய் ஆள் சேர்க்க எத்தனை பேருக்கு அனுமதி? அதையும் ஒரே சொல்லில் சொல்லுங்கள்.

ஈசூன் மலர்:
நான் முதலில் கேட்டேன்.

பூன்லே பாலா:
4.

ஈசூன் மலர்:
6. கார்த்தி, உன் கணக்கு என்ன? மழுப்பாமல் சொல்லு.

காலாங் கார்த்தி:
என்னை இதில் இழுக்காதீங்க அக்கா. ஒரு தாள், ஒரு பென்சில், தவறு குறிக்க ஓர் ஆள், அது இருக்கிறதா என்று முதலில் பாருங்க.

பூன்லே பாலா:
அந்தப் பென்சில் பிடிப்பவரையும் மலர் அக்கா ஏழாவதாக எண்ணிவிடுவார்.