எமர்ஜென்சி ரீசெட் செய்ததும் இசட் சிலிண்டர் ஏன் துள்ளுகிறது?

டௌவல்பின்: பிக் அண்ட் பிளேஸ் ஸ்டேஷன் ஒன்று டிசைன் ரிவியூவில் இருக்கிறது. டூலிங்கை மேலும் கீழும் நகர்த்தும் இசட் சிலிண்டர் (ஏரில் ஓடுவது) மேலே, ராட் கீழ்நோக்கி நிற்கிறது: போர் (உள் விட்டம்) 25, ராட் (தண்டு) 10, ஸ்ட்ரோக் (நகரும் தூரம்) 200 மி.மீ. ராடில் 15 கிலோ டூலிங் தொங்குகிறது. 5 பார். 5/2 சிங்கிள் சோலினாய்டு வால்வு (ஐந்து போர்ட், இரு நிலை, ஒரே மின் காயில்), கரண்ட் ஆஃப் ஆனால் சிலிண்டர் மேலே போகும். இரு பக்கமும் மீட்டர்-அவுட் ஃப்ளோ கண்ட்ரோல் (வெளியேறும் ஏரை இறுக்கி வேகத்தைக் குறைப்பது). ட்ரையலில், ஏறும்போது சில நேரம் திணறுகிறது. எமர்ஜென்சியில் டம்ப் வால்வு ஏரை வெளியே விட்டுவிடும். ரீசெட் செய்தால் பிஸ்டன் மேல் மூடியில் போய் மோதுகிறது. ஃப்ளோ கண்ட்ரோலை எவ்வளவு திருகியும் பயனில்லை.

கேட்லாக்_பக்கம்: திணறலுக்குக் காரணம் சைஸ். தூக்குவது ராட் பக்கம், அதன் பரப்பு 412 சதுர மி.மீ.தான். 5 பாரில் தூக்கும் விசை 206 நியூட்டன், சுமை 147. அதாவது விசையில் 71% சுமைக்கே போகிறது. ஓடுகிற சுமைக்கு 50 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். லைன் 4 பாருக்கு இறங்கினால் 165தான். மிச்சமுள்ள 18 நியூட்டனை கைடு, சீல் உராய்வே தின்றுவிடும். 32 போர், 12 ராட் போடுங்கள்: 345 நியூட்டன், 43%.

எக்ஸாஸ்ட்சென்டர்: சைஸ் சரி. ஆனால் 32 போட்டால் துள்ளல் இன்னும் கூடும்! மீட்டர்-அவுட் வெளியேறும் ஏரைத்தான் பிடிக்கும். டம்ப் ஆன பிறகு பிஸ்டனுக்கு மேல் அறை காலி. பிடிக்க அங்கே எதுவும் இல்லை. குறைந்தபட்சம் மெயின் லைனில் சாஃப்ட் ஸ்டார்ட் வால்வு (பிரஷரை மெதுவாக ஏற்றுவது) வேண்டும்.

டூலிங் கீழே இறங்கவே கூடாது என்றால் 5/3 எக்ஸாஸ்ட் சென்டர் வால்வு (மூன்று நிலை, நடு நிலையில் இரு லைன் ஏரும் வெளியேறும்), சிலிண்டரின் இரு போர்ட்டிலும் நேரடியாகப் பைலட் செக் (பைலட் லைனில் பிரஷர் வந்தால் மட்டும் ஏரை வெளியே விடும் வால்வு). குளோஸ்டு சென்டர் (நடு நிலையில் எல்லாப் போர்ட்டும் மூடுவது) போட்டுவிடாதீர்கள்: பைலட் லைனில் பிரஷர் மாட்டிக்கொள்ளும், செக் மூடாது. இந்த அமைப்பில் உள்ளே அடைபட்ட ஏர் தங்குவதால், மெயின்டனன்ஸ்காரர் டியூபைக் கழற்றும் முன் வடிக்க இரு போர்ட்டிலும் கையால் திறக்கும் வால்வு அவசியம். ஆபரேட்டர் கை கீழே போகுமென்றால் பைலட் செக்கை நம்பக் கூடாது, சீல் கசியும். ராட் லாக் (தண்டையே இறுக்கிப் பிடிக்கும் பூட்டு) வேண்டும். அதுவும் பெரும்பாலும் நின்ற சுமையைப் பிடிக்கத்தான், ஓடுவதை பிரேக் போட அல்ல.

டௌவல்பின்: கை போகும் இடம்தான். ராட் லாக் சேர்க்கிறேன். கீழ் முனைக்கு ஷாக் அப்சார்பர், 0.5 மீ/வி வேகத்துக்கு 2 ஜூல் என்று எடுத்திருக்கிறார்கள். போதுமா?

கேட்லாக்_பக்கம்: போதாது. அது இயக்க ஆற்றல் மட்டும் (1.9). இறங்கும்போது 32 போரின் 402 நியூட்டன் தள்ளலும் 147 எடையும் அப்சார்பரின் 10 மி.மீ. ஸ்ட்ரோக் முழுக்க அழுத்தும்: இன்னும் 5.5. மொத்தம் 7.4 ஜூல். நிமிடத்துக்கு 12 சைக்கிள் என்றால் மணிக்கு 5,300 ஜூல். கேட்லாக்கில் அந்த வரம்பையும் பாருங்கள், பலர் அதை விட்டுவிடுவார்கள். இறக்கத்துக்கு எடையே உதவுவதால், மேல் போர்ட்டுக்கு செக் உள்ள ரெகுலேட்டர் (பிரஷரைக் குறைப்பது, திரும்பும் ஏரைத் தடையின்றி விடுவது) வைத்து 2 பார் கொடுத்தால் மொத்தம் 5 ஜூலாகக் குறையும்.

எக்ஸாஸ்ட்சென்டர்: ராட் லாக்கை விடுவிக்கும் முன் ராட் பக்கம் சுமையைத் தாங்குமளவு பிரஷர் ஏறியிருக்க வேண்டும். பிரஷர் ஸ்விட்ச் வைத்து பிஎல்சியில் (மெஷினின் கண்ட்ரோலர்) இன்டர்லாக் செய்யுங்கள். இல்லையென்றால் லாக் திறந்ததும் டூலிங் விழும். ராடுக்கும் டூலிங் பிளேட்டுக்கும் இடையே ஃப்ளோட்டிங் ஜாயின்ட் (சிறு விலகலுக்கு இடம்கொடுக்கும் இணைப்பு) இருக்கிறதா? எல்எம் கைடோடு (டூலிங்கை நேர்கோட்டில் ஓடவிடும் ரெயில்) நேரடியாக போல்ட் போட்டிருந்தால் பழைய திணறலில் அதற்கும் பங்கு உண்டு.