கண் பரிசோதனை படிக்கும் மாணவர்களைக் கூட்டிப் போன நீலகிரி மலை முகாம்களில் பார்த்த கேஸ்களில் இன்னும் உறுத்துவது எது?

கட்டபெட்டு:
கோத்தகிரி பக்கம் எஸ்டேட் முகாம். கொழுந்து பறிக்கும் அம்மா, ஐம்பது வயது இருக்கும். தூரப் பார்வை 6/6, அதாவது குறையில்லை (கீழே உள்ள எண் கூடினால் பார்வை குறைவு). வெள்ளெழுத்து மட்டும்தான், வயசானதும் பக்கத்தில் இருப்பது மங்குமே, அது. மாணவி வயசுக் கணக்குப்படி +2.00 பவர் ரெடிமேட் கண்ணாடி கொடுத்தாள். 40 செ.மீ.யில் என்6 என்ற சின்ன எழுத்து வரியைக் கடகடவென்று படித்தார்கள். அதோடு விடாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே வாசலோரச் செடிக்குப் போனார்கள். கொழுந்தைத் தொட்டார்கள், கழுத்தை முன்னுக்கு நீட்டினார்கள், திரும்பி வந்து கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டார்கள். "படிக்க நல்லாத்தாம்மா இருக்கு. நான் எங்க படிக்கப் போறேன்?"

+2.00 போட்டால் 50 செ.மீ.க்கு அப்பால் எல்லாம் மங்கல்தான். நிமிர்ந்து நின்று பறிக்கும்போது செடி 60 செ.மீ. தள்ளி இருக்கிறது. +1.50 என்றால் 66 வரை தெளிவு. நம் பதிவு அட்டையில் வயசுக்குக் கட்டம் இருக்கிறது, வேலைத் தூரத்துக்கு இல்லை.

எருமாடு:
எல்லாப் பழியையும் தூரத்தின் மேல் போடாதீர்கள். தூர அட்டையை எப்படியோ படித்துவிட்டால் 6/6 என்று எழுதிவிடுகிறார்கள், ரெடினோஸ்கோப்பை (கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பவர் பார்க்கும் கருவி) கையில் எடுப்பதே இல்லை. −0.75 இருக்கும் கண்ணுக்கு +2.00 கொடுத்தால் தெளிவு 36 செ.மீ.யோடு முடிந்தது.

கூடலூர் பக்கத்துத் தாத்தா ஒருவர். ரெண்டு வருஷமா கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறாராம், வீட்டில் எல்லோருக்கும் பெருமை. மாணவனும் 'கிட்டப் பார்வை நார்மல்', அதாவது பக்கத்தில் இருப்பது நன்றாகத் தெரிகிறது என்று எழுதிவிட்டான். தூரம் 6/36, பின்ஹோல் (சின்ன ஓட்டை) வழியே பார்த்தும் 6/18 தான். ரெடினோஸ்கோப் வெளிச்சத்தில் கண்பாப்பாவின் நடுவில் மங்கல் வட்டம். கண் லென்ஸின் நடுக்கரு முற்றும் கண்புரை அந்த லென்ஸின் பவரைக் கூட்டி மைனஸ் பக்கம் தள்ளும். கிட்டப் பார்வை திரும்பியது அதனால்தான். அறுபது தாண்டியவர் "கண்ணாடி வேண்டாம்" என்றால் சந்தோஷப்படாமல் ரெஃப்ளெக்ஸை, கண்பாப்பாவிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை, பாருங்கள்.

கட்டபெட்டு:
அந்த அம்மாவுக்கு ரெடினோஸ்கோப்பி செய்தார்கள், பிளேனோ, தூரத்துக்குப் பவர் எதுவும் இல்லை. நான் சொன்னது தூரம்தான். அஸ்ஸாமில் 40 வயது தாண்டிய 751 தேயிலைத் தொழிலாளர்களை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வந்தது. பக்கத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த அளவு மற்றவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதல். பவர் பொருந்தினால்தான் கண்ணாடி தோட்டத்துக்குப் போகும், இல்லாவிட்டால் பெட்டிக்குள் தூங்கும்.

பனிமூட்டம்:
பந்தலூர் பக்கம் ஒரு பணியர் பழங்குடிக் குடியிருப்பு. எழுத்து தெரியாத பாட்டி, அதனால் ஈ அட்டை: E எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் என்று விரலால் காட்ட வேண்டும். மேலே, கீழே எல்லாம் சரி. இடம் வலம் மட்டும் மொத்தமும் தப்பு. மாணவன் 6/60 என்று எழுதப் போனான். பாட்டி மூன்று விரலை விரித்து, தயங்காமல், ஒவ்வொரு தடவையும் நேர் எதிர்ப்பக்கம் காட்டினார். எதிரில் நின்று சொல்லிக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும், கண்ணாடி பிம்பம் மாதிரி. பக்கத்தில் போய் நின்று, இருவரும் அட்டையைப் பார்த்தபடி இரண்டு தடவை காட்டியதும் 6/12 வந்தது. பார்வை குறைந்தவர் நாலு பக்கமும் தடுமாறுவார். இடம் வலம் மட்டும் தப்பினால் தப்பு சொல்லிக் கொடுத்தவரிடம்.

லவ்டேல்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கூட்டிப் போகும் ஆசிரியர்கள் ரெடினோஸ்கோப் பிடியில் 67 செ.மீ. நூல் கட்டிவிடுங்கள். கூட்டம் நெருக்க நெருக்க மாணவர்கள் அரை மீட்டருக்கு வந்துவிடுவார்கள், நிற்கும் தூரத்துக்காகக் கழிப்பது மட்டும் 67 செ.மீ.க்கான 1.50 ஆகவே இருக்கும். அரை டயாப்டர் (பவரின் அளவு) பிளஸ் கூடிவிடும். நூலின் மறுமுனை ட்ரையல் பிரேமை (சோதனை லென்ஸ் மாட்டும் கண்ணாடிச் சட்டம்) தொட வேண்டும், இழுபட்டு நிற்க வேண்டும்.

தகரக் கூரை ஹாலில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி வேண்டும், திரைச்சீலை போதாது. ட்ரையல் லென்ஸ் பெட்டியை ஜீப்பில் விட்டுவிட்டு நேரே ஆள் நிறைந்த ஹாலுக்குள் கொண்டுவராதீர்கள். குளிர்ந்த லென்ஸில் உடனே ஆவி படியும், ரெஃப்ளெக்ஸ் மங்கினால் மாணவர் கண்புரை என்று எழுதிவிடுவார். அரை மணி முன்பே உள்ளே வைத்துத் திறந்து வையுங்கள். துடைக்க மைக்ரோஃபைபர், சேலை முந்தானை வேண்டாம். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உதிரி பேட்டரியைச் சட்டைப் பையில் வைத்திருங்கள், உதிரி பல்பும் ஒன்று.

தேதி குறிக்கும்போது கூடலூர் பக்கம் ஜூன், ஜூலையையும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரையும் தவிருங்கள், மழை. வேலை நாளில் வைத்தால் கூலி போகும் என்று பறிப்பவர்கள் வரமாட்டார்கள், வீட்டில் இருப்பவர்கள்தான் வருவார்கள்.

எருமாடு:
ஞாயிற்றுக்கிழமை வைத்தாலும், அன்று சந்தை இருக்கும் ஊரில் எடுபடாது. மேஸ்திரியைக் கேட்டுவிட்டுத் தேதி போடுங்கள்.