புது சர்வரில் எஸ்ஏபி கனெக்டர் பிழை: கோப்பு இருந்தும் இல்லை என்கிறது

திருப்பூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். அவிநாசி அருகே ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நூல் வரவு, சாயத்துக்குப் போன துணி, ஷிப்மென்ட் நிலுவை ஆகியவற்றை எஸ்ஏபியின் தரவுக் கிடங்கான எஸ்ஏபி பிடபிள்யூவிலிருந்து எடுத்து, மைக்ரோசாஃப்ட்டின் அறிக்கைக் கருவியான பவர் பிஐயில் காட்டும் அறிக்கை எங்களிடம் உண்டு. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கான ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்துவிட்டதால், இந்த இரண்டையும் இணைக்கும் கேட்வே மென்பொருளை விண்டோஸ் சர்வர் 2022 உள்ள புது சர்வருக்கு மாற்றினோம். கேட்வே எஸ்ஏபியோடு பேச உதவும் டாட்நெட்டுக்கான (மைக்ரோசாஃப்ட்டின் மென்பொருள் தளம்) எஸ்ஏபி கனெக்டர் 3.0-ஐ நிறுவிய பிறகும், டேட்டா சோர்ஸை அமைக்கும்போது, 'சாப்என்கோ யூட்டில்ஸ் அல்லது அது சார்ந்திருக்கும் ஒன்றை ஏற்ற முடியவில்லை' என்ற பிழை வருகிறது; சாப்என்கோ யூட்டில்ஸ் என்பது கனெக்டரின் கோப்புகளில் ஒன்று. என் மடிக்கணினியில் இதே கனெக்டர் குறையின்றி இயங்குகிறது. திங்கட்கிழமை மெர்ச்சண்டைசர்கள் இந்த அறிக்கையைக் கேட்பார்கள் என்பதால், அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பீளமேட்டிலிருந்து:

இரண்டு விஷயங்களை முதலில் உறுதிசெய்யுங்கள், தம்பி. கேட்வே 64 பிட் மென்பொருள் என்பதால் கனெக்டரும் 64 பிட்டாகவே இருக்க வேண்டும். அடுத்து, நிறுவும்போது வரும் விருப்பத் தேர்வுகளில், அசெம்பிளிகளை, அதாவது கனெக்டரின் டாட்நெட் கோப்புகளை, ஜிஏசியில் (எல்லா மென்பொருள்களுக்கும் பொதுவான டாட்நெட் சேமிப்பிடம்) சேர்க்கும் தேர்வைக் குறித்திருக்க வேண்டும். அவசரத்தில் பலரும் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். சரிபார்க்கும்போது விண்டோஸ் கோப்புறைக்குள் நேரடியாக உள்ள அசெம்பிளி என்ற கோப்புறையைப் பார்க்காதீர்கள், அது பழைய டாட்நெட் பதிப்புகளுக்கு உரியது. விண்டோஸ், மைக்ரோசாஃப்ட் டாட்நெட், அசெம்பிளி, ஜிஏசி 64 என்ற வரிசையில் உள்ளே போய்ப் பாருங்கள்.

திருப்பூரிலிருந்து:

நன்றி, அண்ணா. நான் அந்தத் தேர்வைக் குறிக்கவில்லை என்பது உண்மைதான். கனெக்டரை நீக்கி, மறுபடியும் நிறுவிவிட்டேன். இப்போது நீங்கள் சொன்ன இடத்தில் சாப்என்கோ, சாப்என்கோ யூட்டில்ஸ் ஆகிய இரண்டு கோப்புகளும் இருக்கின்றன, ஆனாலும் பிழை போகவில்லை. இறுதி வரியில் மட்டும் 'குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை' என்று வருகிறது. காணாமல் போன டிஎல்எல்லை (மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் கோப்பு) இணையத்தில் தேடி இறக்கி, விண்டோஸின் சிஸ்டம் 32 கோப்புறையில் போட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

ஈரோட்டிலிருந்து:

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு கோப்பை, நிறுவனத்தின் கணக்குகள் கடந்து போகும் சர்வருக்குள் வைப்பது பெரிய ஆபத்து.

உங்கள் பிழைச்செய்தியில் 'அல்லது அது சார்ந்திருக்கும் ஒன்றை' என்று இருக்கிறதே, விடை அங்கேதான் உள்ளது. பெயர் சொல்லப்பட்ட கோப்பு இருக்கிறது. அது எதை நம்பி எழுதப்பட்டதோ அதுதான் இல்லை. பிட் பொருந்தாமல் போயிருந்தால் கோப்பின் வடிவம் தவறு என்ற வேறு செய்தி வந்திருக்கும். சாப்என்கோ யூட்டில்ஸின் ஒரு பகுதி சி பிளஸ் பிளஸில் எழுதப்பட்டது. டாட்நெட் 4-க்கான 3.0 கனெக்டருக்கு விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2010 ரன்டைம், அதாவது அந்த மொழியில் எழுதிய நிரல்கள் ஓடத் தேவையான துணைக் கோப்புகள், வேண்டும். 2015-க்குப் பிந்தைய ரன்டைம் சர்வரில் இருந்தாலும் அது 2010-க்கு ஈடாகாது. நூலும் மெஷினும் தயாராக இருந்தாலும் ஊசி இல்லாமல் துணி ஓட்ட முடியாது அல்லவா, அதுபோலத்தான். உங்கள் மடிக்கணினியில் வேறு ஏதோ ஒரு மென்பொருள் அதை முன்பே நிறுவியிருக்கக்கூடும். நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்து 64 பிட் பதிப்பை இறக்கி நிறுவி, கேட்வே சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். 2010 ரன்டைமுக்கான ஆதரவு 2020 ஜூலையிலேயே முடிந்துவிட்டது. ஆகையால் அதன் கடைசிப் பாதுகாப்புத் திருத்தம் சேர்ந்த பதிப்பையே தேர்ந்தெடுங்கள், தணிக்கையாளர் கேட்டால் காட்டுவதற்குக் காரணத்தையும் எழுதி வையுங்கள்.

திருப்பூரிலிருந்து:

சரியாகிவிட்டது, ஐயா. நீங்கள் சொன்னபடியே மடிக்கணினிப் பட்டியலில் 2010 ரன்டைம் இருந்தது, புது சர்வரில் இல்லை. அதை நிறுவிச் சேவையை மறுதொடக்கம் செய்ததும் அந்தப் பிழை நீங்கியது. பிறகு வந்த இணைப்புப் பிழைக்கு, எங்கள் ஃபயர்வாலில் புது சர்வரின் முகவரிக்கு 3300 போர்ட்டைத் திறக்காததே காரணம்; எங்கள் எஸ்ஏபி இன்ஸ்டன்ஸ் எண் 00 என்பதால் அந்தப் போர்ட். இப்போது நூல் இருப்பு அறிக்கை முழுவதும் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. பழைய சர்வரை அணைப்பதற்கு முன், அதில் உள்ள ரன்டைம்கள் அனைத்தையும் இன்றே பட்டியலிட்டு வைக்கிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.