காது டெஸ்ட்டில் 'ரெஃபர்' வந்த பச்சிளம் பிள்ளைகள்: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

ஸ்க்ரீனிங் செய்பவர்:
ஓஏஈ கருவியில் (காதுக்குள் சத்தம் அனுப்பி, உள்காதிலிருந்து திரும்பி வரும் எதிரொலியைப் பிடிப்பது) 'ரெஃபர்', அதாவது 'மறுபடி பார்க்க வேண்டும்' என்று வந்தால் காது கேட்காது என்று அர்த்தமில்லை. பிறந்து 24 மணி நேரத்துக்குள் எடுத்தால், காதுக்குள் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவும் நீருமே நல்ல காதுக்கும் ரெஃபர் காட்ட வைக்கும். 48 மணி நேரம் கழித்து, டிஸ்சார்ஜுக்கு முன்னால் எடுங்கள். பால் குடித்துத் தூங்குகிற நேரம்தான் சரி. வார்டு இரைச்சலில் வேண்டாம், ஓர அறைக்குக் கொண்டுபோங்கள். வரிசையாகப் பல பிள்ளைகளுக்கு ரெஃபர் விழுந்தால், காதில் வைக்கும் புரோப் முனையில் அழுக்கு அடைத்திருக்கும். துடைத்துவிட்டு உங்கள் காதிலேயே வைத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

குளிப்பாட்டும் ஆச்சி காதில் எண்ணெய் விட்டால் மறு டெஸ்ட்டிலும் அதுவே அடைப்பு. தாயிடம் சொன்னால் போதாது, ஆச்சியிடமே சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் கைநழுவுவது இந்த மறு டெஸ்ட்டில்தான். தலைப்பிரசவம் அம்மா வீட்டில். சில மாதத்தில் மாமியார் வீட்டுக்குப் போய்விடுவார்கள். முக்கூடலில் எழுதிவைத்த முகவரி, பிள்ளை ராதாபுரத்தில். இரண்டு வீட்டு நம்பரும் வாங்குங்கள். மறு டெஸ்ட் தேதியைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதினால், 6, 10, 14 வார ஊசிக்கு எந்த ஊரில் போனாலும் செவிலியர் கண்ணில் படும். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வந்துபோனால் பீடி சுற்றும் தாய்க்கு ஒருநாள் கூலி போய்விடுகிறது. அதனால் காது டெஸ்ட்டையும் டாக்டர் பார்ப்பதையும் ஒரே நாளில் வையுங்கள்.

ஆடியாலஜிஸ்ட்:
தீவிர சிகிச்சையில் இருந்த பிள்ளைக்கு ஓஏஈ 'பாஸ்' ஆனாலும் பெரா (தலையில் எலக்ட்ரோடு ஒட்டி, சத்தம் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) எடுக்காமல் விடாதீர்கள். ஓஏஈ பார்ப்பது உள்காதின் வெளி மயிர்ச் செல்களை மட்டும். கடும் மஞ்சள் காமாலையில் செவி நரம்பு பழுதாகியிருந்தால் அதற்குத் தெரியாது. ரத்தம் மாற்றியது, எடை 1500 கிராமுக்குக் கீழ், மூளைக்காய்ச்சல், ஜென்டாமைசின், அமிகாசின் ஊசி எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் கல்யாணமா என்பதையும் கேளுங்கள். குற்றமாகக் கேட்காமல், வீட்டில் வேறு யாருக்காவது காது கேளாமை உண்டா என்று ஆரம்பித்தால் தானாகச் சொல்வார்கள்.

பெராவுக்குப் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்து, ஹைகிரவுண்டில் ஆஸ்பத்திரி பக்கம் இறங்கியதும் விழித்துக்கொள்கிற பிள்ளைகள் நிறைய. வழியில் விளையாட்டுக் காட்டிக்கொண்டே வந்து, இங்கே பால் கொடுங்கள். முதல் மூன்று மாதத்தில் பெரும்பாலும் தூக்க மருந்தே வேண்டியிருக்காது. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எண்ணெய், பவுடர் இருந்தால் எலக்ட்ரோடு ஒட்டாது, அலை கலங்கலாக வரும்.

1 மாதத்துக்குள் ஸ்க்ரீனிங், 3 மாதத்துக்குள் பெரா முடிவு, 6 மாதத்துக்குள் காது மெஷின். இதில் பின்வாங்கவே கூடாது.

சிறப்பு ஆசிரியர்:
வீட்டில் தட்டைத் தட்டிப் பார்த்து "திரும்புதே" என்பார்கள். அதிர்வுக்கும் நிழலுக்கும்கூடப் பிள்ளை திரும்பும். கேளாத பிள்ளையும் முதல் மாதங்களில் 'ங்கா' சொல்லும், ஏறக்குறைய 6 மாதத்துக்குப் பிறகுதான் குறையும். அதற்குள் "அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று சொல்லி, நாக்கில் வசம்பு தடவிக்கொண்டே ஒரு வருஷம் போய்விடும்.

மெஷின் 'கீ' என்று கத்தினால் ரிப்பேர் என்று பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் காது வளர்ந்து, மெஷினைக் காதில் பொருத்தும் அச்சு லூசாகியிருக்கும், புது அச்சு எடுத்தால் போதும். முதல் வருஷத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். பட்டன் பேட்டரியைப் பிள்ளை விழுங்காதபடி பூட்டுள்ள மூடி கேட்டு வாங்குங்கள்.

மெஷினிலும் பலன் இல்லையென்றால் முதலமைச்சர் காப்பீட்டில் 6 வயதுக்குள் காக்ளியர் (உள்காதில் கருவி வைக்கும்) அறுவை சிகிச்சை உண்டு. ஆறு வயது வரை நேரம் இருக்கிறதென்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். ஒரு வயதை ஒட்டி வைத்த பிள்ளைக்கும் ஐந்து வயதில் வைத்த பிள்ளைக்கும் பேச்சில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.