‘மெத்தட் ஆஃப் மொமென்ட்ஸ்’: திருப்புத்திறன் வேண்டாம், நிறைத்தொகை சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்காந்த அலைச் சிதறலுக்கான நம் கலைச்சொல் பட்டியலில் ‘மெத்தட் ஆஃப் மொமென்ட்ஸ்’ என்பதற்குத் ‘திருப்புத்திறன் முறை’ என்று போட்டிருக்கிறது. விசையியலில் மொமென்ட்டுக்கு அந்தச் சொல்தான், சரி. ஆனால் இங்கே எதுவும் திரும்பவில்லையே!

உலோகப் பொருள்மேல் அலை விழுந்ததும் அதன் பரப்பில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது, அது எங்கே எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் சிதறும் அலையையும் கணக்கிட்டுவிடலாம். அதற்காகப் பரப்பைச் சிறு முக்கோணங்களாக வெட்டி, மின்னோட்டத்தை எளிய சார்புகளின் கூட்டலாக எழுதி, சமன்பாட்டின் இரு பக்கத்தையும் ஒரு சோதனைச் சார்பால் பெருக்கிப் பரப்பு முழுவதும் தொகையிடுகிறோம். அப்படி வரும் தொகைதான் மொமென்ட். மின்பொறியாளர் ஹாரிங்டனின் 1968ஆம் ஆண்டுப் புத்தகத்தால் பரவிய பெயர் இது. புள்ளியியல் மொமென்ட்டுக்குத்தான் உறவு, நெம்புகோலுக்கு இல்லை.

ஆகவே, சோதனைச் சார்பால் நிறையிட்டு (வெயிட் கொடுத்து) எடுக்கும் தொகை என்பதால், ‘நிறைத்தொகை முறை’ என்கிறேன். நிறை என்றால் தமிழ்நாட்டில் மாஸ், இலங்கையில் வெயிட் (அங்கே மாஸுக்குத் திணிவு), குழம்பாதா என்பீர்கள். ‘நிறையிட்ட சராசரி’ படித்தவர்கள் யாரும் தராசைத் தேடிப் போகவில்லை. ‘உந்தம்’ மட்டும் வேண்டவே வேண்டாம், அது மொமென்டம்.

இதே கணக்குகளுக்கு யீ என்பவர் 1966இல் தந்த, இன்று ‘ஃபைனைட் டிஃபரன்ஸ் டைம் டொமெய்ன்’ எனப்படும் முறைக்கு ‘நேரக்கள வேறுபாட்டு முறை’ போதும். டொமெய்னுக்குப் புலம் என்று போட்டு ‘நேரப்புலம்’ என்று எழுதினால், அடுத்த வரியிலேயே ஃபீல்டு என்ற பொருளில் மின்புலமும் காந்தப்புலமும் வந்து நின்று குழப்பும்.

அப்புறம் ‘ராடார் குறுக்குவெட்டுப் பரப்பு’ (ராடார் கிராஸ் செக்‌ஷன்), அதாவது ஒரு பொருள் ராடாருக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பரப்பாகச் சொல்லும் அளவு. இதுதான் எனக்கு உறுத்துகிறது. பக்கத்துக்கு 10 அலைநீளம் உள்ள சதுர உலோகத் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அலைநீளத்துக்கு 10 கட்டம், கட்டத்துக்கு இரண்டு முக்கோணம் என்று வெட்டினால் ஏறத்தாழ 30,000 மாறிகள், அணியில் 90 கோடி உறுப்புகள், ஒவ்வொன்றும் 16 பைட் கலப்பெண் என்றால் 14.4 ஜிபி. இத்தனை பாடுபட்டுத் தீர்த்தால், நேர் எதிரே வரும் அலைக்குக் கிடைக்கும் விடை தகட்டின் உண்மைப் பரப்பைப் போல 1,250 மடங்குக்கும் மேல்! இதைக் குறுக்குவெட்டு என்று எந்த வாயால் சொல்வது? ‘ராடார் சிதறல் பரப்பு’ என்று வைக்கலாமா? மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் இரண்டையும் பட்டியலில் மாற்றிவிடுகிறேன்.